புகைக் குடிலில் பாதியில் நின்ற பேச்சு

பெயர்: ஹில்க்கா திர்ரொனென். வயது: அறுபத்திரண்டு. கணவர் பெயர்: வெய்க்கோ திர்ரொனென். நாடு: பின்லாந்து. தொழில்: தபால்காரர், ஓய்வு. முகவரி: (இடம் விடப்பட்டுள்ளது).

மேற்படி ஹில்க்கா ஆகிய நான், பிரான்ஸ் நாட்டு வோஜ் மலையடிவாரத்தில் உள்ள மெர்லோவா காவல் நிலையத்தில், ஞாயிற்றுக்கிழமை முற்பகல், துணை ஆய்வாளர் லூவோ முன்னிலையில் இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். இந்த ஊர்ப் பாலாடைக்கட்டிக்காரரை மணந்து வெகுகாலமாக இங்கே வாழும் எங்கள் நாட்டுப் பெண் ரைலி இதை மொழிபெயர்க்கிறார். யாரும் என்னை மிரட்டவில்லை. காப்பி கொடுத்தார்கள். அது மிகவும் சின்னக் கோப்பையில் இருந்தது.

முதலில் என் முகவரியைக் கேட்டார்கள். எனக்கு இரண்டு முகவரிகள் இருக்கின்றன, எது என்னுடையது என்பது கடைசியில்தான் தெரியும் என்று சொன்னேன். முகவரி இல்லாமல் வாக்குமூலம் எழுதுகிற வழக்கம் இல்லை என்று அதிகாரி சொன்னார். காட்டு ஊர்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தபால் கொடுத்தவள் நான், தப்பான முகவரிக்குப் போகிற கடிதம் போகாத கடிதத்தைவிட மோசம், ஆகையால் இடம் விட்டு மேலே எழுதுங்கள் என்று சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு இடம் விட்டார்.

என் கணவர் மீது மூன்று புகார்கள் இருப்பதாக எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அன்செல்ம் துவால் என்பவர் இறைச்சியைப் புகையில் பதப்படுத்துகிற புகைக் குடிலில் தீ மூட்டி அவருடைய பன்றித்தொடைகளைக் கெடுத்தது ஒன்று. திறந்த வெளியில் ஆடையில்லாமல் இருந்தது இரண்டு. கட்டிய மனைவியை இலையும் கிளையுமாக அடித்தது மூன்று. மூன்றாவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் என்னை அடிக்கவில்லை என்று சொல்ல முடியாது, அடித்தார். நான்தான் அடிக்கச் சொன்னேன். இடது தோளில் இன்னும் ஓங்கி அடிக்கச் சொன்னதும் நான்தான். இதை எழுதுவதற்கு முன் அதிகாரி மொழிபெயர்ப்பாளரிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

எனக்குத் திருமணமாகி முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. என் கணவர் அடுப்பும் புகைக்கூண்டும் கட்டுகிற கொத்தனார். எங்கள் ஊர் ரவுத்தவாராவில் பாதி வீடுகளின் அடுப்பு அவர் கட்டியது. குடித்துவிட்டு வர மாட்டார், கை நீட்ட மாட்டார், பேசவும் மாட்டார். ஊமை அல்ல. சவுனாவில் பேசுவார். சவுனா என்பது ஏரிக்கரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் இருக்கிற மரக் குடில், உள்ளே அடுப்பின் மேல் கற்களைச் சுட வைத்து, தண்ணீர் ஊற்றி, அந்த ஆவியில் உட்கார்ந்து வியர்ப்பது. சனிக்கிழமை மாலை மேல் பலகையில் உட்கார்ந்து, இரண்டாம் முறை தண்ணீர் ஊற்றிய பிறகு என் கணவர் வாயைத் திறப்பார். என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டது அங்கேதான். அம்மா செத்த துக்கத்தைச் சொன்னது அங்கேதான். நாய் வளர்க்கலாமா என்று கேட்டதும் அங்கேதான். மற்ற ஆறு நாளும் கல்லுளிமங்கன். எங்கள் ஊரில் ஆண்கள் பலரும் அப்படித்தான், ஆகையால் நான் அதைக் குறையாக நினைத்ததில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். அந்தச் சனிக்கிழமை சவுனாவில் என் கணவரிடம், தபால் பை இருந்தவரை நாளைக்கு நாலு மனுஷர் முகம் பார்த்தேன், இனி பனிக்காலத்தில் பக்கத்து வீட்டு விளக்குகூடத் தெரியாது, என் தங்கை அனெலி இருக்கிற ஔலு நகரத்துக்கே போய்விடலாம் என்று சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் கல்லில் தண்ணீர் ஊற்றினார். அதன் பிறகு மறுபடியும் ஊற்றினார். அதன் பிறகு நான் மூச்சுத் திணறி வெளியே ஓடும்வரை ஊற்றினார். மறுநாள் காலை, "புகைக்கூண்டுல விரிசல். இனிமே மூட்டக் கூடாது" என்று சொன்னார். ஊரார் புகைக்கூண்டையெல்லாம் சரிசெய்கிற மனிதர் தம் வீட்டுப் புகைக்கூண்டை அன்றிலிருந்து தொடவே இல்லை. சவுனா நின்றது, அதோடு பேச்சும் நின்றது. எதைக் கேட்டாலும் கிணற்றில் போட்ட கல். இந்த இளவேனிலில் அவருக்குச் சொல்லாமல் ஔலுவில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். அதன் சாவி என் கைப்பையின் உள்பையில் இருக்கிறது. கேட்டால் காட்டுகிறேன்.

அதன் பிறகு நான் ஒரு முடிவு எடுத்தேன். இருவரும் காரில் தெற்கே ஒரு நெடும்பயணம் போவது. ஒரே காருக்குள் அடைபட்டுக் கிடந்தால் எவ்வளவு பெரிய கல்லுளிமங்கனும் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். திரும்பி வருவதற்குள் அவர் என்னிடம் மனம் விட்டு ஒரு பேச்சுப் பேசினால் சாவியை எடுத்துக் காட்டி இருவருமாக யோசிப்பது, பேசாவிட்டால் நான் மட்டும் ஔலுவுக்குப் போய்விடுவது. இதை என் தங்கை தூண்டவில்லை. நானேதான் எடுத்தேன். எடுத்த அன்று அழுதேன், அதையும் எழுதிக்கொள்ளலாம்.

ஜூன் முதல் வாரத்தில், கறுப்பு ரொட்டி ஒரு மூட்டை, எங்கள் ஊர்க் காப்பிப்பொடி, வடிகட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு, கப்பலில் காருடன் ஜெர்மனி வந்து இறங்கினோம். இறங்கிய சற்று நேரத்தில் காருக்குள் ஏதோ கிறீச்சிடுகிறது என்று என் கணவர் சூடேற்றியின் குமிழைத் திருகினார். குமிழ் கையோடு வந்துவிட்டது. சூடேற்றி முழு வேகத்திலேயே சிக்கிக்கொண்டது. என்ன செய்தும் அணையவில்லை. இன்றுவரை அணையவில்லை. ஜூன் மாத வெயிலில், முகத்தில் அனல் அடிக்க, நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு ஜெர்மனி முழுவதும் ஓட்டினோம். காற்றின் இரைச்சலில் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. கேட்காத ஒன்றுக்கு அவர் எப்படிப் பதில் சொல்வார். எனக்குக் காது வலி வந்தது, கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டேன். மேலே குளிர், கீழே கொதிப்பு.

வழி சொல்லும் கருவி ஒன்று காரில் இருந்தது. அதில் ஒரு பெண் குரல் எங்கள் மொழியில் வழி சொல்லும். மூன்றாம் நாள் அந்தப் பெண், இருநூறு மீட்டரில் வலப்புறம் திரும்பவும் என்று சொன்னாள். என் கணவர், "சரிம்மா" என்றார். என்னிடம் அப்படி ஒரு சரி சொல்லி எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்துவிட்டு, கருவியைப் பிடுங்கிப் பின்சீட்டில் எறிந்தேன். அது அங்கேயும் கிடந்து, முடிந்தால் திரும்பி வரவும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் வழி தவறியதற்கு இதுதான் காரணம். இதில் என் கணவர் மீது குற்றம் இல்லை.

வழி தவறி ஒரு பிரெஞ்சு ஊருக்குள் நுழைந்தபோது, முன்னால் நிறைய கார்கள் வெள்ளை நாடா கட்டிக்கொண்டு ஒலி எழுப்பியபடி போய்க்கொண்டிருந்தன. பின்னாலும் கார்கள் வந்து சேர்ந்துகொண்டன. விலக இடம் இல்லை. என் கணவரும் ஒலி எழுப்பினார், இந்தப் பயணத்தில் அவர் எழுப்பிய அதிகபட்ச ஒலி அதுதான். அப்படியே ஒரு கல்யாணப் பந்தலில் போய் நின்றோம். யாரோ கதவைத் திறந்துவிட்டு எங்கள் இருவரையும் கன்னத்தில் முத்தமிட்டு உட்கார வைத்தார்கள். ஆறு வகைச் சாப்பாடு. மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பெண் வீட்டார் என்றும், பெண் வீட்டார் எங்களை மாப்பிள்ளை வீட்டார் என்றும் நினைத்தார்கள் போலிருக்கிறது. என் கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை, அதனாலேயே எல்லாருக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று. ஒரு பெரியவர் அவர் தோளில் சாய்ந்து தம் கதையையெல்லாம் சொல்லி அழுதார். எதிரே மாப்பிள்ளையும் பெண்ணும் சாப்பிட மறந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விருந்தில் எனக்கு இனிப்பு இறங்கவில்லை.

அதன் பிறகு நேற்று முன்தினம் இந்த மலையடிவாரத்துக்கு வந்தோம். எங்கள் ஊரைப் போலவே எங்கே பார்த்தாலும் குளங்கள், வெள்ளைப் பட்டை பூர்ச்ச மரங்கள். என் கணவர் காரின் வேகத்தைக் குறைத்தார். அவர் மூக்கு விரிந்ததை நான் கவனித்தேன். அறை வாடகைக்கு என்று பலகை தொங்கிய அன்செல்ம் துவால் பண்ணையில் அவரே வண்டியைத் திருப்பினார். அன்செல்மும் அவர் மனைவி ஜினெட்டும் எங்களுக்கு மாடியறையைக் கொடுத்தார்கள். அவர்கள் பேசுவது எங்களுக்குப் புரியவில்லை, நாங்கள் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை, என் கணவருக்கு இது மிகவும் வசதியாக இருந்தது.

அன்று மாலை அன்செல்ம் எங்களைக் குளக்கரைக்கு அழைத்துப் போய்ச் சற்றுத் தள்ளி நின்ற ஒரு மரக் குடிலைக் காட்டினார். விரல்களைக் குவித்து முத்தமிட்டு, நெஞ்சில் கை வைத்து, நீளமாக ஏதோ சொன்னார். நாங்கள் பார்த்தது என்னவென்றால், தண்ணீர் ஓரமாக ஒரு மரக் குடில், கூரையில் புகைபோக்கி, சுவரோரம் அடுக்கிய விறகு, வாசலிலிருந்து குளத்துக்கு இறங்கும் படி. எங்கள் நாட்டில் வாடகை வீடு என்றால் சவுனா சேர்த்துத்தான். சின்னக் குழந்தையைக் கூட்டிவந்து இது என்ன என்று கேட்டாலும் சவுனா என்றுதான் சொல்லும். தம் சவுனாவை எங்களுக்குத் தருகிறார், அதைப் பற்றிப் பெருமையாகவும் சொல்கிறார் என்று நினைத்தோம். என் கணவர் அன்செல்மின் கையைப் பிடித்து வெகுநேரம் குலுக்கினார். தம் பன்றித்தொடைகளின் அருமை தெரிந்த மனிதர் என்று அன்செல்ம் அப்போது நினைத்ததாக இப்போது ரைலி சொல்கிறார்.

நேற்று சனிக்கிழமை. மதியம் சாப்பிட்டதும் என் கணவர் காணாமல் போனார். மாலையில் மாடியறை வாசலில் வந்து நின்றார். தோளில் துண்டு, கையில் பூர்ச்சங்கிளைக் கட்டு, முகத்தில் கரி. "வா, சூடாயிடுச்சு" என்றார். இரண்டு ஆண்டுகளாக நான் கேட்காத வார்த்தை அது. செருப்பைக்கூடப் போடாமல் எழுந்து போனேன்.

உள்ளே கூரையிலிருந்து பன்றித்தொடைகள் தொங்குவதைப் பார்க்கவில்லையா என்று அதிகாரி கேட்டார். பார்த்தோம். எங்கள் நாட்டில் அந்தக் காலத்தில் புகைச் சவுனாவில்தான் இறைச்சியைத் தொங்கவிட்டுப் புகை காட்டுவார்கள். என் மாமனார்கூட அப்படித்தான் செய்தார். ஆகையால் தொடைகளைப் பார்த்ததும் எங்களுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்தது. இது நல்ல பழைய முறைச் சவுனா என்று மகிழ்ந்தோம். மரத்தூள் குவித்திருந்த சின்ன அடுப்பைச் சுத்தம் செய்து, குளத்துக் கற்களை அடுக்கி, விறகு மூட்டியது என் கணவர். அடுத்தவர் இறைச்சியைத் தொடக் கூடாது என்று தொடைகளை அவர் இறக்கவில்லை. கொழுப்பு உருகி என் தலையில் சொட்டியது. விருந்துக்குப் போன இடத்தில் குறை சொல்லக் கூடாது என்று பொறுத்துக்கொண்டேன்.

ஆடை ஏன் இல்லை என்று கேட்டார். சவுனாவில் துணி கட்டிக்கொண்டு உட்காருவது ஒழுங்கீனம். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

அதன் பிறகு வியர்த்து, குளத்தில் இறங்கி முங்கி எழுந்து, படியில் உட்கார்ந்தோம். அப்போதுதான் என் கணவர் பூர்ச்சங்கிளைக் கட்டால் என் முதுகில் அடித்தார். இரத்த ஓட்டத்துக்கு நல்லது, கொசுவும் அண்டாது. எனக்கு அடித்து முடித்ததும் நான் அவருக்கு அடித்தேன். அக்கரை வீட்டு அம்மாள் பெர்த்தீல் பறவை பார்க்கிற தூரக்கண்ணாடியில் பாதிவரை பார்த்துவிட்டுத் தொலைபேசிக்கு ஓடியிருக்கிறார். இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்திருந்தால் புகாரில் என் பெயரும் இருந்திருக்கும். "அந்தம்மா பொல்லாதது, எங்க வீட்டுக்காரரு கழுத சினை பிடிச்சிருந்ததக்கூட எங்களுக்கு முன்னாடி கண்டுபிடிச்சது அதுதான்" என்று ரைலி சொன்னார். இதை எழுத வேண்டாம் என்றார். அதிகாரி எழுதிவிட்டார்.

அதன் பிறகு மறுபடி உள்ளே போய் மேல் பலகையில் உட்கார்ந்தோம். அது தொடைகளுக்கு உப்புத் தடவுகிற பலகை என்று இப்போது தெரிகிறது. என் கணவர் கல்லில் தண்ணீர் ஊற்றினார். அதன் பிறகு இரண்டாம் முறை ஊற்றினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் முன்னால் குனிந்து, தம் முழங்காலைப் பார்த்துக்கொண்டு, "ஹில்க்கா, அந்த ஔலு வீட்டுல..." என்றார்.

இந்த இடத்தில் கதவு உடைந்தது.

ஊர்த் தீயணைப்புக்காரர்கள் சனிக்கிழமை என்பதால் நிலையத்தில் கூடி ஒயின் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஆகையால் மிக விரைவாக வந்துவிட்டார்கள். மெல்லிய நூலாகப் புகை வர வேண்டிய குடிலிலிருந்து ரயில் வண்டிபோலப் புகை வந்ததாம். முதலில் தண்ணீர் வந்தது, பிறகு ஆட்கள் வந்தார்கள். தண்ணீர் என் கணவரைப் பலகையிலிருந்து தள்ளிவிட்டது. சூடான கற்கள் வெடித்தன. அடுப்பின் மேல்பகுதி சரிந்தது. தொடைகள் ஒவ்வொன்றாக எங்கள் மீது விழுந்தன. தீயணைப்புக்காரர்களில் ஒருவர் தம் தலைக்கவசத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது எதற்கு என்று யோசித்து, தலையில் போட்டுக்கொண்டேன். இதில் கிண்டல் எதுவும் இல்லை, எனக்கு அப்போது நிதானம் இல்லை.

என் நிதானம் தவறியது தண்ணீரால் அல்ல. ஔலு வீட்டைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும் என்பதால்.

அன்செல்ம் ஓடிவந்து, விழுந்து கிடந்த தொடைகளைப் பார்த்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். குளிர்ந்த புகையில் மாதக்கணக்கில் பதப்படுத்தி ஊர்த் திருவிழாவுக்கு வைத்திருந்த பன்னிரண்டு தொடைகளும் வெந்துவிட்டிருந்தன. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து எனக்கு உண்மையாகவே துக்கம் வந்தது. அதன் பிறகு காவல் துறையினரான தாங்கள் வந்து என் கணவரை மட்டும் வண்டியில் ஏற்றினீர்கள். ஏற்றும்போது, "வெய்க்கோ, ஔலு வீட்டுல என்ன? சொல்லிட்டுப் போய்யா! வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினேன். அடிபட்ட மனைவி கணவனைச் சபிக்கிறாள் என்று தாங்கள் எழுதிக்கொண்டதாகத் தெரிகிறது. அதைத் திருத்திக்கொள்ளவும்.

இரவு நான் தூங்கவில்லை. ஔலு வீட்டில் என்ன. ஔலு வீட்டுக்கு நீ போ என்பதா, போகாதே என்பதா, இவ்வளவு பெரிய கள்ளியா நீ என்பதா. காலையில் ஜினெட் எனக்கு ரொட்டியோடு வெந்த தொடையில் ஒரு துண்டு அரிந்து வைத்துவிட்டு, கதவுப்பக்கம் பார்த்து, தாமும் ஒரு துண்டு தின்றார். நன்றாக இருந்தது என்று சொல்வது என் கணவருக்கு உதவுமா, கெடுக்குமா என்று தெரியவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

இதுவரை சொன்னதை எழுதி முடித்த பிறகு அதிகாரி, என் கணவர் காலையில் கொடுத்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினார். தீ மூட்டியது யார் என்று கேட்டதற்கு, நான் என்றிருந்தார். எதற்காக என்று கேட்டதற்கு, பேசுவதற்காக என்றிருந்தார். என்ன பேசுவதற்காக என்று கேட்டதற்கு, அதை அவளிடம்தான் சொல்ல வேண்டும் என்றிருந்தார். கீழே கையெழுத்து. நான் கைக்குட்டையைத் தேடினேன். அதிகாரி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தம் பதவிக் காலத்தில் இவ்வளவு குறைவாக எழுத வைத்த குற்றவாளி இவர்தான் என்று சொன்னார்.

மனைவியை அடித்த புகார் என் சொல்லால் விழுந்துவிட்டது என்றும், ஆகையால் இருவரையும் சேர்த்து விசாரிக்கலாம் என்றும் அதிகாரி முடிவு செய்தார். அதன் பிறகு என் கணவரை அறைக்குள் அழைத்து வந்தார்கள். காவலர் ஒருவரின் கால்சட்டையைப் போட்டிருந்தார், அது கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. அதிகாரி பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு, நேற்று நிறுத்திய இடத்திலிருந்து தொடரலாம் என்றார். என் கணவர் கால்சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சொல்லுங்கண்ணே, அந்தக்கா ராத்திரி பூரா தூங்கலயாம்" என்று ரைலி கெஞ்சினார்.

என் கணவர் கல் சுவரைத் தடவிப் பார்த்து, "இங்க குளிரா இருக்கு" என்றார்.

ரைலி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் என் கணவர் சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முற்றத்தில், நல்ல வெயிலில், நான் ஓட்டிவந்து நிறுத்திய எங்கள் கார் நின்றது. அதன் பிறகு என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அதிகாரியிடம், ஐயா, எங்கள் இருவரையும் அந்தக் காரில் உட்கார விடுங்கள், அவர் எங்கும் ஓட மாட்டார் என்று சொன்னேன்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று அதிகாரி கொஞ்சம் யோசித்தார். அதன் பிறகு தாமே வந்து காரின் முன்னால் கைகட்டி நின்றுகொண்டார். ரைலி பின்சீட்டில் ஏறப் பார்த்தார், அதிகாரி அவரைத் தோளைப் பிடித்து இழுத்துவிட்டார். என் கணவர் எஞ்சினை ஓடவிட்டார். சூடேற்றி முழு வேகத்தில் சீறியது. குமிழ் கையோடு வந்த நாளிலிருந்து முதல் முறையாக நான்கு கண்ணாடிகளையும் ஏற்றினோம். கொஞ்ச நேரத்தில் காருக்குள் மூச்சு முட்டியது. என் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. அவர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. தண்ணீர் புட்டியை எடுத்துக் காற்று வருகிற துவாரத்தில் கொஞ்சம் ஊற்றினார். அதன் பிறகு இரண்டாம் முறை ஊற்றினார். அதன் பிறகு பேசினார். மொழிபெயர்ப்பாளர் உடன் இல்லாததால் அவர் சொன்னதை நானே இங்கே சொல்கிறேன். ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"அந்த ஔலு வீட்டுல சவுனா இல்ல. நான் போய்ப் பார்த்தேன். மார்ச் மாசம் உன் கோட்டைத் தைக்கக் கொடுத்தியே, அப்ப சாவி விழுந்துச்சு, முகவரி அதுலயே தொங்குச்சு. பஸ்ல போனேன். கீழ்த்தளத்துல எல்லாருக்கும் பொதுவா ஒரு சவுனா இருக்கு. அடுப்பு சுமாரு, கட்டினவன் ஒரு மடையன். வீட்டுக்கு ஒரு முறை, வாரத்துல ஒரு மணி நேரம். காவலாளிகிட்ட பேசி வெள்ளிக்கிழமை சாயங்கால முறையை வாங்கிட்டேன். ரெண்டு பேருக்குன்னு சொன்னேன். உனக்கு ஒருத்திக்குத்தான்னா ஒருத்திக்கே இருக்கட்டும். ஆனா வெள்ளிக்கிழமை முறை லேசுல கிடைக்காது ஹில்க்கா, அதை விட்டுடாத."

நான் கைப்பையின் உள்பையிலிருந்து சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் ஸ்டீரிங்கைத் துடைத்தார். அதன் பிறகு, "புகைக்கூண்டு நல்லாத்தான் இருக்கு. விரிசல் எதுவும் இல்ல. நீ மறுபடி ஔலு போலாம்னு கேப்பியோன்னு பயந்துட்டேன்" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனிதரை அப்போது நான் அடித்தேன். கையால், தோளில், இரண்டு அடி. அதிகாரி கண்ணாடி வழியே பார்த்தும் குறித்துக்கொள்ளவில்லை என்று தெரிகிறது, ஆகையால் நானே சொல்கிறேன். அதன் பிறகு அவர் தோளிலேயே சாய்ந்து அழுதேன். வியர்வையில் அது வெளியே தெரிந்திருக்காது.

வெளியே இறங்கியபோது அன்செல்ம் முற்றத்தில் நின்றிருந்தார். புகாரில் கையெழுத்துப் போட வந்தவர், கண்ணாடியெல்லாம் ஆவி படிந்த காருக்குள்ளிருந்து நாங்கள் சிவந்துபோய் இறங்குவதைப் பார்த்து, இவர்கள் ஊரில் எல்லாவற்றையும் வேகவைத்துத்தான் தீர்ப்பார்களா என்று கேட்டதாக ரைலி சொன்னார். என் கணவர் அன்செல்மின் அருகே போய், கையால் ஒரு அடுப்பை, ஒரு வளைவை, ஒரு புகைக்கூண்டைக் காற்றில் வரைந்து காட்டினார். அன்செல்ம் வெகுநேரம் பார்த்துவிட்டு, புகைக்கூண்டை இன்னும் கொஞ்சம் உயரமாக வரைந்தார். குடிலை என் கணவர் முன்பைவிட நன்றாகக் கட்டித் தருவது, அதுவரை நாங்கள் மாடியறையில் தங்குவது, வெந்த தொடைகளைத் திருவிழாவில் தீயணைப்புக்காரர்கள் தலையில் கட்டுவது என்று பேசி முடிவாயிற்று. அன்செல்ம் தம் பங்குக்குப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பெர்த்தீல் அம்மாள் திரும்பப் பெறவில்லை.

ஆடையில்லாமல் இருந்த புகார் மேலிடத்துக்குப் போகும் என்றும், அதற்கு அழைப்பாணை வரும் என்றும், ஆகையால் விட்டுவைத்த முகவரியை இப்போதாவது சொல்ல வேண்டும் என்றும் அதிகாரி கேட்டுக்கொண்டார். அந்த இடத்தில் ஔலு முகவரியை எழுதிக்கொள்ளவும். இருவர் பெயரையும் போட்டு ஒரே உறையில் அனுப்பினால் போதும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் கொண்டுவர வேண்டாம் என்று தபால்காரரிடம் சொல்லவும், அப்போது கதவைத் தட்டினாலும் நாங்கள் மேலே இருக்க மாட்டோம்.

மேலே கண்டவை எனக்கு என் மொழியில் படித்துக் காட்டப்பட்டன. எல்லாம் நடந்தது நடந்தபடியே இருக்கின்றன. காப்பிக் கோப்பை சின்னது என்று சொன்னதை அடித்துவிடலாமா என்று அதிகாரி கேட்டார், அதுவும் உண்மை என்பதால் இருக்கட்டும் என்று சொல்லிக் கையெழுத்திடுகிறேன்.

ஒப்பம்: ஹில்க்கா திர்ரொனென்

உடன் இருந்து கேட்டவர்: வெய்க்கோ திர்ரொனென். திருத்தம் ஏதும் உண்டா என்று கேட்டதற்கு, "ம்" என்றார்.